புதுக் கட்டடத்துக்கு முன் தண்ணீரும் வாசலும்

கேட்கப்பட்டது இது: சென்னைப் புறநகரில் ஒரு மனைப்பிரிவின் நடுவே இருக்கும் தனியார் பள்ளி. 1.8 ஏக்கர் நிலம், எல்கேஜி முதல் பத்தாம் வகுப்பு வரை 850 பிள்ளைகள், இருபது ஆண்டுப் பழைய கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும். அதன் மேல் இன்னொரு தளம் ஏற்றி ஆறு வகுப்பறை, ஒரு ஆடிட்டோரியம், புதுக் கழிப்பறை, மைதானம் முழுக்கப் பேவர் பிளாக் என்று நிர்வாகம் ஐந்தாண்டுத் திட்டம் போடுகிறது. குடியிருப்போர் நலச் சங்கம் காலை நெரிசலுக்கும் ஒலிபெருக்கிக்கும் புகார் மேல் புகார் எழுதுகிறது. எதில் தொடங்குவது?

மண்ணுக்குள் இருப்பதில் தொடங்குங்கள். அடுத்து வாசல். வகுப்பறை மாடி மூன்றாவதாகத்தான் வர வேண்டும். பெரும்பாலான பள்ளிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. வெளியே தெரியும் கட்டடம் முதலில் எழும்பும். அது முடிந்த பிறகு கழிவுநீர்க் குழாய் போக வழியில்லை என்று தெரியும், போட்ட தரையை உடைப்பார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பேருந்து சுற்றி வர இடம் தேடினால், அந்த இடத்தில் புதுக் கட்டடத்தின் மாடிப்படி நிற்கும். ஒரே தரைக்கு மூன்று முறை செலவு செய்த பள்ளிகள் ஏராளம்.

முதல் செலவு ஒரு சர்வே. டோட்டல் ஸ்டேஷன் (தூரத்தையும் உயரத்தையும் சேர்த்து அளக்கும் சர்வே கருவி) வைத்து வளாகம் முழுவதையும் 5 மீட்டர் கட்டத்துக்கு ஒரு மட்டம் வீதம் எடுக்கச் சொல்லுங்கள். வளாகத்தோடு நிறுத்திவிடக் கூடாது. முன் தெருவின் மட்டம், மழைநீர் வடிகாலின் அடிமட்டம், சுற்றியுள்ள வீடுகளின் தரைமட்டம் மூன்றும் அதே வரைபடத்தில் வேண்டும். பிறகு பழைய பிளம்பரையும் வாட்ச்மேனையும் கூட அழைத்துக்கொண்டு ஒவ்வொரு சம்ப், செப்டிக் டேங்க், போர்வெல், புதைந்த மின்கேபிள், குழாய், மரம் எல்லாவற்றையும் அதில் குறியுங்கள். எங்கே என்ன புதைந்திருக்கிறது என்பது காகிதத்தில் இருக்காது, இவர்கள் நினைவில்தான் இருக்கும்.

அப்படி நடக்கும்போதே ஒரு வேலையைத் திட்டத்துக்குக் காத்திராமல் அன்றே செய்துவிடுங்கள். எல்லாத் தொட்டி மூடிகளையும் தூக்கிப் பாருங்கள். 2025 ஜனவரி 3 அன்று விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து எல்கேஜி குழந்தை இறந்தது. செப்டிக் டேங்குக்கு இரும்புத் தகட்டு மூடி போடவே கூடாது. தொட்டியில் எழும் வாயு தகட்டை அடியிலிருந்து தின்கிறது. மேலே ஆண்டுதோறும் அடித்த பெயின்ட் பளபளப்பாக இருக்கும், புரட்டினால் அடிப்பக்கம் அடுக்கடுக்காக உரியும், கைவிரலால் பிய்த்தாலே துருச்செதில் வரும். பூட்டு வைத்த டக்டைல் அயர்ன் (எளிதில் உடையாத கெட்டி வார்ப்பிரும்பு) மூடியோ, தூக்குக் கொக்கி பதித்த 10 செ.மீ. கான்கிரீட் பலகையோ போடுங்கள். அதன் கீழே இன்னொரு கம்பி வலையும் வேண்டும், மூடி திறந்திருக்கும்போது பிள்ளையைத் தாங்குவதற்கு. குடிநீர் சம்ப் மூடிகளுக்கும் இதேதான். பிள்ளைகள் ஓடும் இடத்தில் தொட்டி இருந்தால் சுற்றிலும் வேலி போட்டு அடையுங்கள்.

மழைக்காலத்தைச் சர்வேயின் இரண்டாம் பாகமாக வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கனமழை பெய்யும் ஒவ்வொரு முறையும், தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவரில் பெயின்டால் கோடு போட்டுத் தேதி எழுதச் சொல்லுங்கள். எந்த மூலையில் எத்தனை மணி நேரம் நிற்கிறது, தெருவிலிருந்து உள்ளே வருகிறதா, உள்ளிருந்து தெருவுக்குப் போகிறதா என்று இரண்டு வரி எழுதினால் போதும். மூன்று மாதக் கோடுகள் எந்த ஆலோசகரின் அறிக்கையையும் விட உண்மையைச் சொல்லும்.

இப்போது பேவர் பிளாக். மைதானத்துக்கு அது வேண்டாம். 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 2,500 சதுர மீட்டர் மைதானத்தில் ஒரே நாளில் 100 மி.மீ. பெய்தால், வடகிழக்குப் பருவத்தில் அது அபூர்வமில்லை, 2,50,000 லிட்டர் விழுகிறது. கான்கிரீட் படுகை மேல் பதித்த பிளாக்கில் அதில் பெரும்பகுதி சரிந்து ஓடும். ஓடும் இடம் பக்கத்து வீட்டு போர்டிகோ. அடுத்த மழைக்குச் சங்கத்தின் புகாரில் மூன்றாவது ஒன்று சேரும். தவிர, வெயிலில் பிளாக் கொதிக்கும், விழுந்தால் முழங்கால் கிழியும். 15 செ.மீ. கிராவல் உருட்டி, மேலே 5 செ.மீ. சலித்த செம்மண் போட்டு, நூற்றுக்கு ஒன்று சரிவு கொடுங்கள். சரிவு முடியும் ஓரத்தில் 60 செ.மீ. அகலம், 90 செ.மீ. ஆழத்துக்குக் கால்வாய் வெட்டி 40 மி.மீ. ஜல்லி நிரப்பி, 10 மீட்டருக்கு ஒரு உறிஞ்சுகுழி இணையுங்கள். பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பக்கம் போலக் களிமண் பூமி என்றால் வெறும் குழி ஒரே பருவத்தில் கிணறு போல நின்றுவிடும். களியைத் தாண்டி மணல் அடுக்கு வரை இறங்கும் துளை ஒன்றைக் குழிக்குள் போட வேண்டும். கோடையில் தூசு பறக்கிறது என்பார்கள். காலை ஒரு முறை தண்ணீர் தெளிப்பதும், அந்தப் பக்கச் சுவரோரம் புங்கம், மகிழம் வரிசையாக வைப்பதும் அதற்குப் போதும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னையில் சாய்ந்த மரங்களை நினைவில் வைத்து, தூங்குமூஞ்சி, குல்மொஹர் போன்ற கிளை முறியும் மரங்களைச் சுவருக்கும் தெருவுக்கும் அருகே நடாதீர்கள்.

தண்ணீர் தேங்குகிறது என்று மண் அடித்து வளாகத்தை உயர்த்தும் யோசனை கட்டாயம் வரும். உயர்த்தினால் சுற்றுச்சுவர் சுவராக இருக்காது, மண்ணைத் தாங்கும் அணையாகிவிடும். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் சுற்றுச்சுவர் ஒன்று மழையில் இடிந்து பக்கத்து வீடுகளின் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். நான்கரை அங்குலச் சுவரோ, ஹாலோ பிளாக் சுவரோ ஈர மண்ணின் தள்ளலைத் தாங்காது. மண் உயரும் பக்கத்தில் பொறியாளர் வடிவமைத்த கான்கிரீட் தாங்குசுவர் போடுங்கள். இரண்டு மீட்டருக்கு ஒன்றாவது 10 செ.மீ. குழாயில் நீர் கசியும் துளை வேண்டும், துளைக்குப் பின்னால் ஜல்லி வேண்டும். ஜல்லி இல்லாத துளை ஆறு மாதத்தில் மண்ணால் அடைபடும். மற்ற பக்கங்களில் 9 அங்குலச் சுவர், 3 மீட்டருக்கு ஒரு கான்கிரீட் தூண், அடியில் பிளின்த் பீம் (தரைமட்டத்தில் சுவரைத் தாங்கும் கான்கிரீட் விட்டம்). பழைய சுவரில் சாய்வு இருக்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டு அளந்து எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து மீண்டும் அளந்தால் சாய்வு நின்றுவிட்டதா, வளர்கிறதா என்று தெரியும். பழைய கழிப்பறைத் தடுப்புச் சுவர்களையும் இந்தப் பட்டியலில் சேருங்கள். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்துதான் மூன்று மாணவர்கள் இறந்தார்கள்.

வாசல்

சங்கத்தின் முதல் புகார் நியாயமானது, அதைத் தீர்க்கவும் முடியும். மூன்று வேலை நாட்கள் காலையும் மாலையும் வாயிலில் ஒருவரை உட்கார வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கார், இருசக்கர வண்டி, ஆட்டோ, வேன், நடந்து வருபவர் என்று எண்ணச் சொல்லுங்கள். பலர் நினைப்பதற்கு மாறாக மாலைதான் மோசமாக இருக்கும். காலையில் பிள்ளையை இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். மாலையில் மணி அடிக்க இருபது நிமிடம் முன்பே வந்து தெருவில் நிற்கிறார்கள்.

செலவில்லாத மருந்து, விடும் நேரத்தைப் பிரிப்பது. கேஜி வகுப்புகள் மதியமே போய்விடும். 1 முதல் 5 வரை 3.10, 6 முதல் 8 வரை 3.30, மற்றவர்கள் 3.50 என்று வைத்தால் உச்ச நெரிசல் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகும். அண்ணன் தங்கை ஒரே பள்ளியில் படிக்கும் குடும்பங்களுக்கு மட்டும் சின்னவர்கள் காத்திருக்க நிழலும் ஒரு ஆசிரியரும் தேவை. இதைச் செய்யாமல் விட்டால் பெற்றோர் இரண்டு மாதத்தில் பழைய நேரத்துக்கே தள்ளிவிடுவார்கள்.

அடுத்தது வரிசை உள்ளே வருவது. பிள்ளை ஏறி இறங்க நான்கு இடம், ஒரு வண்டிக்கு ஒரு நிமிடம் என்று கணக்கிட்டால் 15 நிமிடத்தில் 60 கார் போகும். வரிசையில் நிற்கும் ஒரு காருக்கு 6 மீட்டர் வேண்டும். 20 கார் நிற்க 120 மீட்டர். உங்கள் நிலம் ஏறக்குறைய 85 மீட்டர்ச் சதுரம் என்றால், கட்டடத்தின் பக்கவாட்டுத் திறந்தவெளி வழியே ஒருவழிப் பாதை போட்டு இதை அடக்கலாம். இருசக்கர வண்டிகளுக்குத் தனி வழி, தனி நிறுத்தம். ஒன்றுக்கு 2 சதுர மீட்டர், நடுவழியோடு 120 வண்டிக்கு 400 சதுர மீட்டர் ஆகும். இரண்டையும் ஒரே வாயிலில் விட்டால் கார்களின் இடுக்கில் ஸ்கூட்டர்கள் நுழைந்து எதுவும் நகராது.

வாயிலை இப்போதிருக்கும் இடத்திலிருந்து 12 மீட்டர் உள்ளே தள்ளுங்கள். பேருந்து ஒன்று வாயில் திறக்கக் காத்திருந்தாலும் தெருவில் வால் நீட்டாது. சுவரின் இரு முனைகளையும் சாய்வாக வெட்டினால் வெளியே வரும் ஓட்டுநருக்கு நடந்து வரும் பிள்ளை தெரியும். வாயில் அகலம் 6 மீட்டர். அலங்கார ஆர்ச் வைக்க ஆசை இருந்தால் அடிமட்டம் தரையிலிருந்து 5 மீட்டருக்குக் குறையக் கூடாது, தீயணைப்பு வண்டி அதன் கீழேதான் வர வேண்டும். பள்ளியின் பெயரை அழகாகச் செதுக்கிய தாழ்ந்த ஆர்ச் எத்தனையோ பள்ளிகளில் அந்த வண்டியை வெளியே நிறுத்திவிடும். நடந்து வருபவர்களுக்கு 2 மீட்டர் அகலத்தில் தனிக் கதவு, அது வண்டிப் பாதையை வெட்டாமல் நேரே வராந்தாவுக்குப் போக வேண்டும்.

எந்த வண்டியும் வளாகத்துக்குள் பின்னோக்கி வரத் தேவையில்லாதபடி பாதை இருக்க வேண்டும். இது ஒன்றுக்காக மற்ற எதையும் விட்டுக்கொடுக்கலாம். 2022 மார்ச் 28 அன்று சென்னை ஆழ்வார்திருநகரில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி இரண்டாம் வகுப்புச் சிறுவன் இறந்தான். அதன் பிறகு பள்ளி வாகனங்களுக்கு முன்னும் பின்னும் கேமராவும் சென்சாரும் விதியாயின. கேமரா உதவும்தான். ஆனால் பின்னோக்கி நகர வேண்டிய தேவையே இல்லாத சுற்றுப்பாதைக்கு அது ஈடாகாது. பேருந்துகள் வரிசையாகச் சாய்ந்து நின்று, சாய்ந்தபடியே முன்னோக்கிக் கிளம்பும்படி கோடு போடுங்கள். இரவில் பேருந்துகள் தெருவில் நின்றால், அதை நிறுத்துவதுதான் சங்கத்தோடு உறவைச் சரிசெய்யும் முதல் செயல். உள்ளே இடம் இல்லையென்றால் வெளியே ஒரு காலிமனையை வாடகைக்கு எடுங்கள்.

கழிப்பறை

40 பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறையும் மூன்று சிறுநீர்க் கோப்பையும் என்பது மத்திய அரசின் தூய்மைப் பள்ளி (ஸ்வச் வித்யாலயா) திட்டத்தின் அளவு. 850 பேருக்கு 21 வருகிறது. இந்த எண்ணை எழுதிவிட்டு நின்றுவிடாதீர்கள், இன்டர்வெல்லை வைத்துக் கணக்குப் போடுங்கள். 430 பெண் பிள்ளைகளில் பாதிப்பேர் ஒரு இடைவேளையில் போகிறார்கள், ஒருவருக்கு ஒன்றரை நிமிடம் என்றால் 15 நிமிடத்தில் ஒரு கழிப்பறை பத்துப் பேருக்குத்தான் உதவும். 11 கழிப்பறை 110 பேருக்கு. மீதி நூறு பேர் அடக்கிக்கொண்டு வகுப்புக்குத் திரும்புகிறார்கள், தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்குச் சிறுநீர் நோய்த்தொற்று வருவதற்கு இது ஒரு பெரிய காரணம். ஆகவே பெண்கள் பக்கம் குறைந்தது இருபது கழிப்பறை வேண்டும், அல்லது இடைவேளையை இரண்டு பிரிவாக்க வேண்டும். இரண்டையும் பாதி பாதி செய்வது பெரும்பாலும் சரியாக வரும்.

கட்டும்போது கழிப்பறை வரிசைக்குப் பின்னால் 80 செ.மீ. அகலத்துக்குக் குழாய் இடைவெளி விடுங்கள். எல்லாக் குழாயும் அதற்குள் வெளிப்படையாக ஓட வேண்டும். கசிந்தால் பிளம்பர் உள்ளே நுழைந்து பார்ப்பார். இல்லையென்றால் ஒவ்வொரு கசிவுக்கும் டைல்ஸ் உடையும், அந்தக் கழிப்பறை ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும். கதவு மரத்தில் வேண்டாம், எஃப்ஆர்பி (கண்ணாடி இழை சேர்த்த பிளாஸ்டிக்) அல்லது டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) போடுங்கள். அடியில் 15 செ.மீ. இடைவெளி, வெளியிலிருந்து நாணயம் வைத்துத் திருப்பித் திறக்கக்கூடிய தாழ். கேஜி பிள்ளைகளுக்குச் சின்ன அளவுக் கோப்பை, 55 செ.மீ. உயரத்தில் கைகழுவும் தொட்டி. கழிப்பறைத் தொகுதியைப் பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். சென்னையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வரும், வகுப்பறைகளின் வடமேற்கில் கழிப்பறை இருந்தால் வாடை உள்ளே வராது.

பகல்நேரப் பள்ளிக்கு ஒருவருக்கு நாளுக்கு 45 லிட்டர் என்பது இந்தியத் தர அளவு. பணியாளரோடு 910 பேர் என்று கொண்டால் 41,000 லிட்டர். ஒன்றரை நாள் இருப்பு என்றால் 60,000 லிட்டர் சம்ப். வெளியேறும் கழிவுநீர் ஏறக்குறைய 32,000 லிட்டர். தெருவில் பாதாளச் சாக்கடை இல்லையென்றால் இந்த அளவுக்குச் சாதாரண செப்டிக் டேங்க் போதாது, சிறிய சுத்திகரிப்பு அமைப்பு வேண்டும். அதற்கு இடம் ஒதுக்காமல் புதுக் கட்டடம் வரையக் கூடாது. 1,000 சதுர மீட்டர்க் கூரையும் 1,400 மி.மீ. ஆண்டு மழையும் உங்களுக்குச் சுமார் 11 லட்சம் லிட்டர் தரும். முதல் மழைநீரை வெளியேற்றும் வால்வும், மணல் வடிகட்டியும் வைத்து அதைத் தனி சம்பில் பிடித்தால் லாரித் தண்ணீர்ச் செலவு குறையும்.

மேல்தளம்

இருபது ஆண்டுக் கட்டடத்தின் மேல் இன்னொரு தளம் ஏற்றலாமா என்பதைப் பார்வையால் யாரும் சொல்ல முடியாது. மூன்று நான்கு இடங்களில் தூணின் அடியைத் தோண்டி, அதைத் தாங்கும் ஃபுட்டிங்கின் நீளம், அகலம், ஆழம் அளக்க வேண்டும். இரண்டு இடத்தில் மண் பரிசோதனை. தூண்களிலும் பீம்களிலும் ரீபவுண்ட் ஹேமர் (கான்கிரீட்டின் உறுதியைத் தட்டிப் பார்க்கும் கருவி) தட்டி, சந்தேகமான இடங்களில் கான்கிரீட் உருளை வெட்டி எடுத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். உருளையைப் புதிதாக உடைத்து அந்த முகத்தில் ஃபினால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டி ரசாயனம் தெளிக்கச் சொல்லுங்கள். நல்ல கான்கிரீட் ரோஜா நிறமாகும். நிறமே மாறாத ஓரப் பட்டை எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். அது கம்பி வரை எட்டியிருந்தால் கம்பியின் பாதுகாப்பு போய்விட்டது. அங்கே ஏற்ற வேண்டியது தளம் அல்ல, பழுதுபார்க்கும் செலவு. ஒரு மாடிக்கு வடிவமைத்த கட்டடத்தில் ஒவ்வொரு தூணுக்கும் கான்கிரீட் உறை போட்டுப் பலப்படுத்துவதை விட, தனியாக ஒரு சின்னக் கட்டடம் பெரும்பாலும் மலிவு. 8 க்கு 6 மீட்டர் வகுப்பறை மூன்று, 2.4 மீட்டர் வராந்தா, இரு முனையிலும் மாடிப்படி என்றால் ஒரு தளத்துக்கு 240 சதுர மீட்டரில் அடங்கும். இரண்டு தளத்தில் ஆறு அறை.

எப்படிக் கட்டினாலும் இரண்டு மாடிப்படி, இரண்டும் 1.5 மீட்டர் அகலம், படி உயரம் 15 செ.மீ., மிதி 30 செ.மீ. 2004 ஜூலை 16 கும்பகோணத்தில் 94 குழந்தைகள் எரிந்து இறந்த பள்ளியில் கூரை கீற்று, கீழே இறங்க ஒரே குறுகிய படிக்கட்டு. கீற்றுக் கொட்டகைகள் போய்விட்டன. ஆனால் அதே தவறு வேறு உருவில் திரும்புகிறது: மொட்டைமாடியில் தகர ஷெட் போட்டு வகுப்பு நடத்துவது, சூடு தெரியாமலிருக்க அதற்குள் ஃபோம் பேனல் அடிப்பது. அந்த நுரை தீப்பிடித்தால் நச்சுப்புகை சில நிமிடத்தில் நிறையும். பேனல் கட்டாயம் என்றால் ராக்வுல் (கல்லை உருக்கிச் செய்த, எரியாத பஞ்சு) நிரப்பியது கேளுங்கள். இரண்டாவது மாடிப்படியின் கீழே மடக்குக் கதவைப் பூட்டி, சாவியை அலுவலகத்தில் மாட்டி வைக்கும் வழக்கத்தையும் இன்றோடு நிறுத்துங்கள். பூட்டிய படிக்கட்டு இல்லாத படிக்கட்டுதான்.

வராந்தாக் கைப்பிடிச் சுவர் 1.2 மீட்டர். கம்பி என்றால் நெடுக்குக் கம்பி, இடைவெளி 10 செ.மீ.; குறுக்குக் கம்பியைக் குழந்தைகள் ஏணியாக ஏறுவார்கள். சக்கர நாற்காலிச் சரிவு 12 க்கு 1, அதாவது 45 செ.மீ. உயரத் தரைக்கு 5.4 மீட்டர் நீளம். பின்னால் சேர்க்கலாம் என்று விட்டால் இந்த 5.4 மீட்டருக்கு இடமே கிடைக்காது.

ஆடிட்டோரியம்

இதை விட்டுவிடச் சொல்வேன். மூடிய அரங்கை ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முழுமையாகப் பயன்படுத்துவீர்கள். அந்த நாட்களில் நானூறு வண்டி உங்கள் தெருக்களில் நிற்கும், குளிரூட்டியும் ஜெனரேட்டரும் கூடச் சேரும். அதே பணத்தில் ஒரு பகுதிக்கு, 33 க்கு 20 மீட்டர் கூரைமட்டும் போட்ட திறந்த கூடம் வரும். கூடைப்பந்துத் தளம் (28 க்கு 15 மீட்டர்) ஓர இடத்தோடு அதற்குள் அடங்கும். ஒரு முனையில் மேடை கட்டினால் 850 பிள்ளைகளும் தரையில் உட்காரலாம். மழை நாளிலும் விளையாட்டு வகுப்பு நடக்கும். கூரைச் சட்டத்தைச் சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டருக்கு வடிவமைத்திருக்கிறார்களா என்று வரைபடத்திலேயே பாருங்கள். புயலில் சட்டம் விழுவது குறைவு, தகடுதான் முதலில் ஓரத்திலும் முகட்டிலும் பிய்ந்து பறக்கும். அங்கே திருகுகளை நெருக்கி அடிக்க வேண்டும். பறந்த தகடு குடியிருப்பில் யார் வீட்டில் விழும் என்று யோசித்தால் இந்தத் திருகு எண்ணிக்கையில் யாரும் கஞ்சம் பிடிக்க மாட்டார்கள்.

ஒலி விஷயத்தில் சட்டமே அளவு சொல்கிறது. 2000 ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல். பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டால் 50. மைதானத்தின் நடுக்கம்பத்தில் நாலு திசைக்கும் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகளைக் கழற்றிவிட்டு, மேடைச் சுவரில் பிள்ளைகள் உயரத்துக்குக் கீழ்நோக்கிச் சாய்ந்த தூண்வடிவ ஸ்பீக்கர்கள் நாலைந்து வைத்து, ஆம்ப்ளிஃபயரின் ஒலி அளவைப் பூட்டிவிடுங்கள். ஆண்டு விழாவுக்கு இரண்டு வாரம் நடக்கும் ஒத்திகைதான் அக்கம்பக்கத்துக்கு அதிகத் தொல்லை. அதன் நேரத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். ஜெனரேட்டரை எல்லைச் சுவரோரம் வைக்காதீர்கள். புகைக்குழாய் உயரம், கட்டட உயரத்தோடு, ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கிச் சேர்த்த அளவு. 62.5 கேவிஏ என்றால் கூரைக்கு மேல் 1.6 மீட்டர்.

அனுமதி, பணம், காலம்

மனை எந்த மண்டலத்தில் இருக்கிறது, மனைப்பிரிவு அனுமதியில் அது பள்ளிக்கென ஒதுக்கிய இடமா, முன்தெருவின் உண்மையான அகலம் என்ன என்று முதலில் பாருங்கள். 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் தெரு அகலம்தான் கட்டடத்தின் உயரத்தையும் பரப்பையும் தீர்மானிக்கும். பத்திரத்தில் 30 அடி, நேரில் 26 அடி என்பது சாதாரணம். பழைய கட்டடத்துக்கு ஊராட்சி அனுமதி மட்டும் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் புது வரைபடத்தைத் தொடாதீர்கள். கூரைக் கூடத்துக்கும் அனுமதி தேவை. கட்டி முடித்த பிறகு கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியரின் கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று நான்கும் புதுக் கட்டடத்தையும் சேர்த்து வாங்க வேண்டும். பழைய சான்றில் புது அறைகள் இல்லையென்றால் அங்கீகாரம் புதுப்பிக்கும்போது மாட்டுவீர்கள்.

பெற்றோரிடம் கட்டட நிதி என்று கட்டாயமாக வாங்க முடியாது. கட்டணத்தை அரசு அமைத்த நிர்ணயக் குழு மூன்று கல்வியாண்டுக்கு நிர்ணயிக்கிறது. ஆகவே பெரிய வேலையின் கணக்கு அடுத்த நிர்ணயத்துக்கு முன்பே தணிக்கையோடு தயாராக இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் 'ஜிஎஸ்டி தனி' என்று சின்ன எழுத்தில் போடும் 18 சதவீதத்தைப் பள்ளி திரும்பப் பெற முடியாது, அது முழுச் செலவு. அதோடு எதிர்பாராததற்குப் பத்து சதவீதம். பில்லில் ஐந்து சதவீதத்தை ஒரு மழைக்காலம் முடியும் வரை பிடித்து வையுங்கள். ஒழுகுகிறதா இல்லையா என்பதை நவம்பர்தான் சொல்லும்.

கோடை விடுமுறையில் ஆறு வாரம்தான் கையில் இருக்கும். கழிப்பறைத் தொகுதியும் வாசலும் அதற்குள் முடியும், ஆறு வகுப்பறை முடியாது. தாங்கல்களுக்கு இடையே 4.5 மீட்டருக்கு மேற்பட்ட ஸ்லாபுக்கு முட்டுக்கொடுத்த சென்ட்ரிங்கை 14 நாள், 6 மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள் எடுக்கக் கூடாது. பிபிசி (சாம்பல் கலந்த) சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள் கியூரிங். ஜூன் திறப்புக்காக இதில் நாளைத் திருடினால் விரிசலும் தொய்வும் பத்தாண்டுக்கு இருக்கும். முதல் கோடையில் மண்ணடி வேலையும் வாசலும் கழிப்பறையும். இரண்டாவது ஆண்டில் வகுப்பறைக் கட்டடத்தை ஜனவரியில் தொடங்கி, வேலையிடத்தை 2.4 மீட்டர்த் தகரத்தால் முழுக்க அடைத்து, அதற்குத் தனி வாயில் கொடுத்து, பள்ளி நடக்கும்போதே கட்டுங்கள். காலை 8 முதல் 9.30 வரையும் மாலை 3 முதல் 4.30 வரையும் ஜல்லி லாரி தெருவுக்குள் வரக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மண் தோண்டும் வேலை எதுவானாலும் செப்டம்பருக்குள் மூடப்பட்டிருக்க வேண்டும்.

சங்கத்தாரை வரைபடம் அரசு அலுவலகத்துக்குப் போகும் முன்பே கூப்பிடுங்கள். அழகான முப்பரிமாணப் படம் காட்ட வேண்டாம். வண்டி எந்த வழியில் போகும், மழைத்தண்ணீர் எங்கே இறங்கும், எந்த மாதம் எந்த நேரம் சத்தம் வரும் என்ற மூன்று தாள்கள் போதும். மதிப்பெண் போடச் சொல்லாதீர்கள், எங்கள் கணக்கில் எதை விட்டோம் என்று கேளுங்கள். எந்த வீட்டுக்கு முன்னால் தண்ணீர் நிற்கிறது, எந்த முனையில் ஆட்டோ அடைக்கிறது என்பதை அங்கே குடியிருப்பவர்தான் சரியாகச் சொல்வார். ஒத்துக்கொண்டதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள், புகாருக்கு ஒரே ஒரு தொலைபேசி எண், அதை எடுக்க ஒரே ஆள். கான்கிரீட் போடும் நாளில் கலவை வண்டியும் பம்பும் இரவு வரை நிற்கும். முந்தின நாளே பக்கத்து எட்டுப் பத்து வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள்.